மைக்கக்காவின் கால்கள்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். குரலைத் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. நிலையத்தின் நடுவே, விசாரணைக் கவுண்ட்டருக்கு நேர் மேலே, கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அங்கே ஏறிப்போகப் பதினேழு இரும்புப் படிகள். இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் பெருக்கித் துடைப்பவர்களுக்கும் அவள் மைக்கக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கீழே விசாரணைக் கவுண்ட்டரில் இருப்பவருக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா ஒரு அதட்டு அதட்டினா, பிரேக்டவுன் ஆன வண்டிகூட எழுந்து வந்து நிக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவள் கணவர் தொலைதூர வண்டி ஓட்டும் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கும் அந்தக் குரல் மட்டும்தான் பழக்கம். தன் வண்டி தாமதம் என்று தப்பாக அறிவித்துவிட்டாள் என்று ஒருநாள் பதினேழு படியும் ஏறிச் சண்டைக்கு வந்தார். சண்டை அரைமணி நேரம் நடந்ததில் வண்டி நிஜமாகவே தாமதமாகிவிட்டது. அடுத்த வாரம் சண்டை இல்லாமலே ஏறி வந்தார். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது; அவருக்கு நாற்பத்தெட்டு. இரண்டு பேருக்குமே அதுதான் முதல் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மாலையே இருவரும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

அவரிடம் அவள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்குப் பல் கிடையாது. முப்பத்தெட்டு வயதில் ஈறு நோய் வந்து, ஒவ்வொன்றாக ஆடி, மேல் வரிசை கீழ் வரிசை இரண்டையும் எடுத்துவிட்டுப் பல் செட் போட்டிருந்தார்கள். செட் போட்டதும் அவள் முதலில் பார்த்தது கண்ணாடியை அல்ல. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "தயவுசெய்து கவனிக்கவும், தடம் எண் நாற்பத்திரண்டு" என்று சொல்லிப் பார்த்தாள். தகரமும் சகரமும் வழுக்கவில்லை. குரல் தப்பித்தது என்று அன்றைக்கு அழுதாள். அதற்கப்புறம் அதைப்பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. குரலைக் கேட்டு வந்த மனிதரிடம், அந்தக் குரலில் பாதி ஒரு டப்பாவில் வைக்கிற சாமான் என்று எப்படிச் சொல்வது? வாரத்தில் நாலு நாள் அவர் வெளியூரில் இருந்ததால் மறைப்பது பெரிய பாடாகவும் இல்லை. அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் செட்டைக் கழற்றாமலே தூங்கினாள்.

பல் போன தாடை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சிறுத்துப் போகும். செட் கரையாது. பத்து வருஷத்தில் அது அவள் வாயில் வேறு யாருடைய செருப்போ மாதிரி ஆகிவிட்டது. புதிது செய்ய வேண்டுமென்றால் பல நாள் பல் மருத்துவரிடம் போய்வர வேண்டும், அளவெடுக்க வேண்டும், சில நாட்கள் வெறும் வாயோடும் இருக்க நேரலாம். அதற்குப் பதில் அவள் பசையைக் கூட்டினாள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் பசைதான். நீல மூடி போட்ட டியூப். பட்டாணி அளவில் மூன்று இடத்தில் வைத்தால் போதும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. அவள் வரிசை முழுக்கத் தடிமனாகப் பிதுக்கினாள். காலையில் ஒருமுறை, மதியம் சாப்பிட்டபின் ஒருமுறை, அவர் வருகிற நாளென்றால் சாயங்காலம் இன்னொருமுறை. ஈறின் ஓரத்தில் வழிவதை நாக்கால் தடவி விழுங்கிவிடுவாள். அதற்குப் பெரிதாக ருசி ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு டியூப் காலியானது. ஒரே கடையில் வாங்கினால் கேள்வி வரும் என்று மூன்று கடைகளில் மாற்றி மாற்றி வாங்கினாள். மூன்று இடத்திலும் மாமியாருக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். மாமியார் அவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். "உங்க மாமியார் ரொம்பப் பேசுவாங்க போலருக்கே, வாரத்துக்கு இத்தனை டியூபா?" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். அவளும் கூடவே சிரித்துவிட்டு, அந்தக் கடைக்குக் கொஞ்ச நாள் போகாமல் இருந்தாள்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் கால் கட்டைவிரல்கள் மரத்தன.

காலணி இறுக்கம் என்று நினைத்தாள். பெரிய அளவில் வாங்கினாள். மரப்பு பாதத்துக்கு வந்தது. தரை எப்போதும் பஞ்சு விரித்த மாதிரி இருந்தது. ஒருநாள் மேலே அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று பார்த்தாள். அது ஆறாவது படியில் கிடந்தது. அங்கிருந்து பதினோரு இரும்புப் படி வெறுங்காலோடு ஏறியிருக்கிறாள். இரும்பின் வரிப்பள்ளங்கள் உள்ளங்காலில் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவளுக்குத்தான் தெரியவில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்த கவுண்ட்டர்காரர், "என்னக்கா, நேர்த்திக்கடனா?" என்றார்.

"கவனிக்கல தம்பி" என்றாள். 

பிறகு ஒரு காலை, வாஷ்பேசினில் முகம் கழுவக் குனிந்து, சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடினாள். மூடிய அந்த நொடியில் தரை இல்லாமல் போய்விட்டது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்றே தெரியாமல் சாய்ந்து, துண்டு மாட்டும் கம்பியில் நெற்றி இடித்து விழுந்தாள். கண்ணைத் திறந்ததும் தரை இருந்த இடத்தில் இருந்தது. எழுந்து நின்று, சோதித்துப் பார்ப்பதற்காகவே மறுபடி கண்ணை மூடினாள். உடம்பு மறுபடி சாய்ந்தது. கால்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கால்கள் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டன.

தெருமுனை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, இந்த வயதுப் பெண்களுக்கு வருகிறதுதான் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். நரம்புக்கு ஊசியும் போட்டார். நாலு மாதம் ஒருநாள் தவறாமல் சாப்பிட்டாள். ரத்தம் கூடவில்லை. அதற்கு மாறாக, தொண்டையில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. இப்போது சிவப்பணுக்களோடு வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன. சீட்டைப் பார்த்த மருத்துவர் இந்தமுறை மாத்திரை எழுதவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே எழுதினார்.

அவள் கணவர், அந்த டிரைவர், லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். நரம்பு மருத்துவர் ஒரு பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். டியூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அவள் கால் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்தார்.

"அதிருதா?"

"சத்தம் கேக்குது டாக்டர். நல்லாக் கேக்குது."

"சத்தத்தக் கேக்கல. கால்ல அதிருதா?"

அவள் காலையே பார்த்தாள். கவை ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. காலில் ஒன்றும் இல்லை. மருத்துவர் கவையைக் கணுக்காலுக்கு நகர்த்தினார், முழங்காலுக்கு நகர்த்தினார். இடுப்பெலும்பில் வைத்தபோதுதான் "ஆங், இங்க இருக்கு" என்றாள். டிரைவர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தையே வெறித்துக்கொண்டு நின்றார்.

முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத்தின் பின்பக்கம் நெடுக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. ரத்தப் பிரிவு மருத்துவர் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார். மஜ்ஜையே கெட்டுப்போகிற நோயாக இருக்கலாம், சில பேருக்கு அது புற்றுநோயில் போய் முடியும், முடிவு வர பத்து நாளாகும் என்றார். அந்தப் பத்து நாளும் அவள் வேலைக்குப் போனாள். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஏறினாள். வண்டிகளின் பெயரை மணிமணியாகச் சொன்னாள். மைக்கை அணைத்தபின் அறையில் இருந்த நிசப்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் இருவரும் குடிநீர்க் குழாய் ஒழுகுவதைப்பற்றி நிறையப் பேசினார்கள்.

பதினோராம் நாள் நரம்பு மருத்துவர்தான் கூப்பிட்டார்.

"மஜ்ஜையில நாங்க பயந்தது இல்ல. ஆனா செல்லுக்குள்ள சின்னச் சின்னக் குமிழா இருந்துச்சு. அதப் பாத்ததும் ஒரு சந்தேகம் வந்து வேற ஒரு டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். உங்க உடம்புல தாமிரம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல."

"தாமிரம்னா... செம்பா?" என்றார் டிரைவர். "பாத்திரம் செய்வாங்களே, அதா?"

"அதேதான். ரொம்பக் கொஞ்சம் போதும், ஆனா அந்தக் கொஞ்சம் இருந்தே ஆகணும். அது இல்லாம ரத்தம் ஊறாது. நரம்போட மேலுறை கெட்டுப்போகும்."

"நாலு மாசம் இரும்பு மாத்திரை சாப்பிட்டேனே டாக்டர்?"

"இரும்ப எடுத்து ரத்தமா ஆக்கறதுக்கே தாமிரம் வேணும்மா. அது இல்லன்னா நீங்க எவ்வளவு இரும்பு சாப்பிட்டாலும் அது சும்மா கெடக்கும்." மருத்துவர் இன்னொரு சீட்டை எடுத்தார். "இதுல இன்னொண்ணும் இருக்கு. உங்களுக்குத் துத்தநாகம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஜிங்க்னு சொல்வாங்களே, அது. அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான். ஆனா அளவு மீறிப் போச்சுன்னா குடல் ஒரு தற்காப்பு செய்யும். உலோகத்தப் பிடிச்சு வைக்கிற ஒரு பொருளக் குடலோட உள்தோல் நிறைய உண்டாக்கும். வம்பு என்னன்னா, அது துத்தநாகத்தவிடத் தாமிரத்தத்தான் கெட்டியாப் பிடிக்கும். பிடிச்சு, உள்ள விடாம, அந்தத் தோல் உதிரும்போது அதோட வெளிய தள்ளிடும். நீங்க சாப்பிடுற தாமிரம் எதுவுமே ரத்தத்துக்குப் போய்ச் சேரல. பல வருஷமா."

மருத்துவர் சீட்டைக் கீழே வைத்தார்.

"துத்தநாகம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சளிக்குச் சப்புற மாத்திரை? லேகியம்? வெல்டிங், முலாம் பூசற வேல மாதிரி ஏதாவது?"

"மைக்குல பேசுற வேலதான்."

"பல் செட் இருக்கா? அத ஒட்டுறதுக்குப் பசை போடுவாங்க. சில பசையில துத்தநாகம் இருக்கும். அளவா போட்டா ஒண்ணும் ஆகாது. ரொம்பப் போடுறவங்களுக்கு இதே மாதிரி வந்திருக்கு."

அறையில் மூன்று நாற்காலிகள்தான். டிரைவரின் முழங்கால் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அது இடிக்கிறது என்று அவளுக்குக் கண்ணால் தெரிந்தது. மேலண்ணத்தில் அன்று காலை பூசிய பசை இன்னும் இறுக்கமாகப் பிடித்திருந்தது.

"இல்ல" என்றாள். "சொந்தப் பல்லுதான்."

மருத்துவர் ஒரு கணம் அவள் வாயைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். டிரைவர் குனிந்து கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சரி. தாமிர மாத்திரை எழுதறேன். ஆறு வாரம் கழிச்சு வாங்க. ஆனா ஒண்ணு, உள்ள வர்ற வழியை அடைக்காம நான் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அது நேரா வெளியதான் போகும். வீட்டுல நல்லா யோசிச்சுப் பாருங்க."

வீட்டில் யோசிக்க என்ன இருந்தது? அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு டியூப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கடுகைவிடச் சின்ன எழுத்தில், வரிசையின் கடைசியில், அந்தப் பெயர் இருந்தது. இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், பசையை விட்டால் போயிற்று. மறுநாள் பசை இல்லாமல் செட்டை வைத்துக்கொண்டு, "தயவுசெய்து" என்று சொல்லிப் பார்த்தாள். மேல் வரிசை கீழே இறங்கி டக்கென்று கீழ் வரிசையில் இடித்தது. மருந்துக்கடைக்குப் போய், வேறு கம்பெனிப் பசை இருக்கிறதா, துத்தநாகம் இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் நாலு டியூப்பை எடுத்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதாம்மா, மூடிதான் வேற கலர்" என்றார். அவள் பழைய பசையையே வாங்கிக்கொண்டு வந்தாள். பாதிப் பாதியாகக் குறைக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் வாரம் குறைத்தாள். இரண்டாம் வாரம் அவருக்கு ஓய்வு நாட்கள் சேர்ந்து வந்தன. அப்போது எப்படிக் குறைப்பது? மூன்றாம் வாரம் பழைய அளவுக்கே வந்துவிட்டது. ஒவ்வொருமுறை பிதுக்கும்போதும் என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் பிதுக்கினாள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் தாமிரம் இம்மியும் ஏறியிருக்கவில்லை. இப்போது அவள் கம்பைப் பிடித்து நடந்தாள். கால்களை அகட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே, அடியைத் தொப்புத் தொப்பென்று வைத்தாள். மருத்துவர் சீட்டை மடக்கி வைத்துவிட்டு, "நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. இது மேல ஏறும். அடுத்தது கை. ரத்தம் திரும்பி வந்துடும்மா. நரம்பு அப்படியில்ல. போனதுல எவ்வளவு திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

திங்கட்கிழமை அவள் பசை இல்லாமல் வேலைக்குப் போனாள். செட்டுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, நாக்கால் மேலே தாங்கிக்கொண்டு பேசினாள். காலை முழுக்கச் சமாளித்துவிட்டாள். "என்னக்கா, வாயில மிட்டாயா?" என்று கவுண்ட்டர்காரர் உள் போனில் கேட்டார். மதியம் இரண்டரை மணிக்கு, கூட்டம் நெரிகிற நேரத்தில், ஒரு வண்டி நடைமேடை மாறி வந்தது. பத்தாவது நடைமேடை என்று அவள் சொல்ல வேண்டும். பாதிச் சொல்லில் மேல் வரிசை வழுக்கியது. பத்து என்பதில் மிஞ்சியது ஏதோ ஒரு 'ட்டு'. கீழே நின்ற கூட்டம் அதை எட்டு என்று எடுத்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு எட்டாவது நடைமேடைப் பக்கம் பாய்ந்தது. அங்கே ஒரு வண்டி அப்போதுதான் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு பெரியவர் தடுக்கி, வண்டியின் பின்சக்கரத்துக்கு நேரே விழுந்தார். மைக் அவள் கையில் இருந்தது. "நிறுத்து" என்று கத்தினாள். வாயிலிருந்து செட்தான் வந்து மேஜைமேல் விழுந்தது. குரல் வெறும் காற்றாகப் போயிற்று. யாரோ வண்டியின் பக்கத் தகட்டைப் படபடவென்று தட்டினார்கள். சக்கரம் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பெரியவர் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, யாரையோ திட்டிக்கொண்டே போனார்.

கவுண்ட்டர்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மேஜைமேல் கிடந்ததைப் பார்த்தார்.  தன் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போட்டு மூடிவிட்டு, "நான் அறிவிக்கறேன்க்கா, நீங்க உக்காருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் டிரைவர் டூட்டி முடிந்து வந்தபோது, அவள் சமையலறை மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். அலமாரியின் பின்னால், மாவு டப்பாவுக்குள், பழைய கைப்பைக்குள் ஒளித்திருந்த டியூப்கள். காலியானவை, பாதியானவை, பிரிக்காதவை. நடுவில் பல் செட். வாய் உள்ளே ஒடுங்கி, அவள் முகமே வேறு முகமாக இருந்தது.

"என்னங்க, டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன்" என்றாள். சொற்கள் கொழகொழவென்று வந்தன. "உங்ககிட்டயும்தான். பதினோரு வருஷமா."

அவர் நின்றபடியே மேஜையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பல்லு எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கல்யாணமாகி நாலாவது மாசம். உனக்கு நல்ல காய்ச்சல். வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டு இருந்த. மேல் வரிசை மொத்தமாக் கீழ இறங்கி நின்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் வெளங்குச்சு. தொண்டையில போய் மாட்டிக்கக் கூடாதேன்னு ஒரு விரலால மெதுவா மேல தள்ளி விட்டேன்." ஒரு டியூப்பை எடுத்து உருட்டினார். "நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். சொல்லல. சரி, அவளுக்கு அது வேணும்போல, விட்டுடுவோம்னு நெனச்சேன். ஆப்பிளை மட்டும் மெல்லிசா நறுக்கி வச்சுட்டு வந்தேன்."

 மெதுவாகத்தான் அது உள்ளே இறங்கியது.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"தெரிஞ்சே ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ இல்லன்ன. நீ இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படி ஆமான்னு சொல்லுவேன், அதுவும் மூணாவது ஆள் முன்னாடி?" அவர் குரல் தேய்ந்தது. "பசை இவ்வளவு போடறன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. பல்லு மட்டும்தான் தெரியும். பல் செட்டு வச்சிருக்கறவங்களுக்கெல்லாம் இது வராதுன்னுதான டாக்டர் சொன்னாங்க, ரொம்பப் போட்டாத்தானேன்னு நெனச்சேன். ஆறு வாரம் நெனச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன்."

இரண்டு பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டதில் போனது அந்த ஆறு வாரம். அதற்கு முந்தைய வருஷங்களை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் மருத்துவர் டியூப்களை ஒரு பையில் வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் தாமிரத்தை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. துத்தநாகம் கலக்காத பசையும் கடைகளில் உண்டு என்று மருத்துவர் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். ஆனால் பல் மருத்துவர் புதிதாக அளவெடுத்துச் செய்த செட்டுக்கு அதுவும் அதிகம் தேவைப்படவில்லை. அது தயாராகும்வரை மூன்று வாரம் அவள் வெறும் வாயோடு வீட்டில் இருந்தாள். அந்த மூன்று வாரமும் டிரைவர் லீவு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் சில நாள் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். பிறகு கை வலித்தது, விட்டுவிட்டாள்.

இரண்டே மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. இத்தனை இரும்பு மாத்திரைக்கும் அசையாதது, உப்புக்கல் அளவு செம்புக்கு அசைந்தது. தொண்டைப் புண் ஆறியது. காய்ச்சல் வரவில்லை. துத்தநாகம் இறங்க இன்னும் பல மாதம் பிடித்தது. மரப்பு முழங்காலைத் தாண்டி மேலே ஏறாமல் நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் அந்த வெள்ளைக் கோடு மங்கியிருந்தது. "படத்துல நல்லா இருக்கு" என்றார் மருத்துவர். காலைப்பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை.

பதினேழு படி இனி அவளுக்கு இல்லை. நிலைய மேலாளர் மைக்கைக் கீழே, விசாரணைக் கவுண்ட்டருக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக் கொடுத்தார். நாலு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வருவாள். விளக்கு போய்விட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள், யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை. இப்போது அவள் முகம் எல்லாருக்கும் தெரியும். குரல் அப்படியே இருந்தது. கொஞ்சம் கனத்திருந்தது என்று சிலர் சொன்னார்கள். டிரைவர் தொலைதூர வண்டியை விட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் குறுகிய தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு காலை, கொதிக்கிற டீ டம்ளரை எடுக்கும்போது, வலது கைச் சுண்டுவிரல் நுனியில் ஏதோ வித்தியாசமாக இருந்தது. சூடு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்த மாதிரி. டம்ளரைக் கீழே வைத்தாள். கட்டைவிரலால் அந்த நுனியைத் தேய்த்துப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள். பிரமையாக இருக்கலாம். டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"என்னங்க" என்றாள். "வண்டியை வேற யாருக்காவது மாத்திக் குடுங்க. இந்த விரலு மரத்த மாதிரி இருக்கு."

அவர் ஒன்றும் கேட்காமல் போனை எடுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்கு மூன்று நாள் காத்திருந்தார்கள். தாமிரம் சரியாக இருந்தது. துத்தநாகம் சரியாக இருந்தது. ஊன்றுகோலை அழுத்திப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்கியிருக்கலாம், கைப்பிடிக்குத் துணி சுற்றிப் பாருங்கள் என்றார் மருத்துவர். இருக்கலாம் என்றுதான் சொன்னார். டிரைவர் அன்றே கைப்பிடிக்கு இரண்டு சுற்றுத் துணி சுற்றி நூல் போட்டுத் தைத்தார். விரல் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அவள் தினமும் காலையில் எழுந்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்னால், பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கிறாள். அப்புறம்தான் அவரை எழுப்பி, எப்படி இருக்கிறது என்று சொல்கிறாள்.